போட்ட இன்சுலினும் போன பிரியாணியும்

பெரியம்மா மேடவாக்கத்தில் புது ஃபிளாட் வாங்கி, வீட்டு ஜெபத்துக்கு எங்களை அழைத்திருந்தார். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. இடுப்பில் இன்சுலின் பம்ப், கையில் சென்சார். "எல்லாம் ஆட்டோமேட்டிக்காமே, மெஷினே பாத்துக்குமாமே" என்பார்கள். பாதிதான் உண்மை. என்ன சாப்பிடப் போகிறேன் என்று நான்தான் அதற்குச் சொல்ல வேண்டும். சொன்ன அளவுக்கு இன்சுலின் ஏற்றும். சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கி மயங்கி விழுவேன். அம்மாவுக்கு இது மனப்பாடம். வீட்டில் எனக்குத் தராசில் சோற்றை நிறுத்துப் போடுபவளே அவள்தான்.

பிரியாணித் தட்டு கைக்கு வந்ததும் அளவைக் கண்ணால் கணக்கிட்டுப் பம்பில் போட்டேன். எங்கள் வீடுகளில் ஜெபம் முடியாமல் யாரும் வாயில் வைப்பதில்லை. வந்திருந்த பாஸ்டரோ சுருக்கமாக முடிப்பவர் இல்லை. வீட்டை ஆசீர்வதித்து, லிஃப்டை ஆசீர்வதித்து, தண்ணீர் லாரி தவறாமல் வர மன்றாடி, ஒருவழியாக ஆமென் சொன்னார். கண்ணைத் திறந்தால் மடியில் தட்டு இல்லை. பெரியம்மா எடுத்துக்கொண்டு, ஒரு கிண்ணம் வெள்ளரிக்காயை நீட்டினார்.

"சுகரை வச்சிக்கிட்டு உனக்கு எதுக்குடி பிரியாணி? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"பெரியம்மா, இன்சுலின் போட்டாச்சு. சாப்பிட்டே ஆகணும். தட்டைக் குடுங்க."

"அதான் மெஷின் இருக்குல்ல, அட்ஜஸ்ட் பண்ணிக்கும்."

எனக்கே பாடம் எடுத்தார்! உள்ளே போன இன்சுலினைத் திரும்ப எடுக்க எந்த மெஷினாலும் முடியாது. பரிமாறுகிறவர்களிடமும் "அவளுக்கு மட்டும் வைக்காதீங்க" என்று சொல்லி வைத்திருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தேன்.

"சத்தம் போடாதடி, எல்லாரும் பாக்குறாங்க," என்றாள்.

கொஞ்ச நேரத்தில் சர்க்கரை இறங்குகிறது என்று பம்ப் கத்த ஆரம்பித்தது. கை நடுங்கியது, முதுகு நனைந்தது. குளுக்கோஸ் வைத்திருந்த பை கீழே வண்டியில் கிடந்தது. எழுந்து போய், மேஜையில் இருந்த பிரெட் அல்வாவை ட்ரேயிலிருந்தே கையால் அள்ளி அள்ளித் தின்றேன். ஹாலே வேடிக்கை பார்த்தது. உயிர் பிழைக்கத் தின்கிறேன் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"பாத்தீங்களா, இதுக்குத்தான் சொன்னேன்," என்றார் பெரியம்மா.

அம்மா நினைத்திருந்தால் ஒரே வாக்கியத்தில் எல்லாருக்கும் விளக்கியிருக்கலாம். தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கிளம்புகிறவர்களுக்கு ஜெபம் செய்து அனுப்புவது வழக்கம். பெரியம்மாவே என் தலையில் கை வைத்தார்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு வாயைக் கட்டுகிற கிருபையைத் தாரும்."

எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அம்மாவும் சொன்னாள்.