வடாம் காய்ந்த டோர் பேட்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு வாக்கில் என் கணவர் ஒரு பழைய காரை வாங்கிப் புதுப்பித்தார். கதவின் உள்பக்கத்தை மூடும் டோர் பேட் மட்டும் கிழிந்து, ஓரம் வளைந்திருந்தது.

"பழசை ஒட்டினா நல்லாயிருக்காதுங்க. பஞ்சு ஜாஸ்தியா வெச்சு, சோபா மாதிரி புதுசு பண்ணிடறேன்" என்றார் குஷன் கடைக்காரர். இவரும் தலையாட்டினார். கழற்றிய பழைய பேடை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், அதன்மேல் துணி விரித்து நான் வடாம் பிழிந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரிலேயே அண்ணாமலையைச் சுற்றி வரக் கிளம்பினோம். அடி அண்ணாமலை வளைவில், புது பேட் மாட்டிய என் பக்கக் கதவு திறந்துகொண்டது. காலடியில் இருந்த பொங்கல் தூக்கு ரோட்டில் உருண்டது. மடியில் தூங்கிய மகளை நான் இறுக்கிப் பிடித்திருந்ததால் தப்பித்தோம்.

வண்டியை நிறுத்தி, இவர் பேடை அழுத்திப் பார்த்தார். புதுப் பஞ்சு கைப்பிடியை முட்டியதால், பூட்டு முழுசாக விழவில்லை.

"பழசு எங்கே?"

"மாடியில வடாம் காயுதுங்க."

மறுநாள் முணுமுணுத்துக்கொண்டே குஷன் கடைக்காரர் அந்தப் பழசையே ஒட்டித் தைத்து மாட்டினார். கதவு கச்சிதமாகச் சாத்திக்கொண்டது. காருக்குள் லேசாக வடாமின் சீரக வாசனை.

அன்றிலிருந்து, புதுசு நன்றாக வேலை செய்கிறதா என்று பார்க்காமல் பழசை நான் தூக்கிப் போடுவதில்லை. வடாம் மட்டும் அந்தப் புது பேடில்தான் காய்கிறது. ரெக்ஸினாச்சே, ஒட்டாமல் வருகிறது.