கம்பிக்குத் தண்ணீர்

எழுபதுகளின் மைக் செட்டை விர்ச்சுவல் ரியாலிட்டியில் கட்டப் போகிறோம் என்று கோயம்புத்தூரிலிருந்து மூன்று பிள்ளைகள் வந்து நின்றபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரு பெரிய கண்ணாடியை மாட்டிக்கொண்டால் பழைய கல்யாணப் பந்தலுக்குள் நிற்பது போல இருக்குமாம். இசைத்தட்டை நாமே எடுத்துப் போடலாமாம். வேலந்தாவளத்தில் அந்தக் காலத்து மைக் செட்காரன் ஒருவன் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்று யாரோ என்னைக் கைகாட்டிவிட்டிருந்தார்கள். எது எங்கே இருந்தது, எப்படிச் சத்தம் போட்டது என்று நான் சொல்ல வேண்டும், அவர்கள் அப்படியே செய்வார்கள்.

தலைகால் புரியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். வால்வு சூடாகும்போது ஆம்ப்ளிஃபயர் உறுமுவதை நானே வாயால் உறுமிக் காட்டினேன். அவர்கள் முதலில் செய்து கொண்டுவந்ததில், ஆபரேட்டர் நிற்கும் மேஜைப் பக்கம் பாட்டு காதைக் கிழித்தது. தப்பு என்று சத்தம் போட்டேன். குழாய் ஸ்பீக்கர் பந்தலுக்கு முன்னால் தென்னை மரத்தில் ரோட்டைப் பார்த்து இருக்கும், பின்னால் மேஜையில் நிற்கிறவனுக்குப் பாட்டு சன்னமாகத்தான் கேட்கும், பந்தலில் ஒருத்தர் இருமினால்கூடக் கேட்கும் என்றேன். திருத்திக்கொண்டார்கள். அன்றிரவு சோற்றில் கை வைத்தபோதுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் கரண்ட் என்றால் மோட்டார் ரூமில் மட்டும்தான். அங்கிருந்து ஒரே ஒரு வயரை இழுத்து வருவோம். இன்னொரு வயருக்குப் பதிலாக ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து அதில் முடிந்துவிடுவோம். கரண்ட் மண் வழியே திரும்பிப் போகும். செய்யக் கூடாத வேலை, எல்லோரும் செய்தோம். மண் ஈரமாக இருக்கும்வரை பாட்டு ஒழுங்காக ஓடும். காய்ந்துவிட்டால் தட்டின் வேகம் குறைந்து, பாடுகிறவர் தூங்கி விழுவது போலப் பாட்டு இழுக்கும். உடனே கம்பிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பலகை மேல் நின்று, மண் குடத்தால், எட்ட இருந்து ஊற்ற வேண்டும். தொட்டால் போச்சு. என் செட்டில் அந்த வேலை என் மனைவியுடையது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, நான்தான் பழக்கியிருந்தேன். மேஜைப் பக்கம் மட்டும் யாரையும் விடமாட்டேன், அவளையும்தான். அப்படி ஒரு திமிர் எனக்கு.

ஒரு சித்திரையில், மழை கண்டு பல மாதமாகியிருந்த சமயம், ஒரு பெரிய தோட்டத்தில் கல்யாணம். மேளக்காரர்கள் வர வேண்டிய பஸ் வரவில்லை. நாதஸ்வரத் தட்டைப் போட்டுச் சமாளித்துவிடு என்று பெண்ணின் அப்பா சொன்னார். தாலி கட்டும்போது மேளம் நின்றால் அந்தத் தாலிக்கு ஆகாது என்பார்கள்.

முகூர்த்த நேரத்தில் நாதஸ்வரம் இழுக்க ஆரம்பித்தது. இழுத்தால் என் மனைவி தானாகவே தண்ணீரோடு ஓடிவிடுவாள். கம்பி, குழாய் ஸ்பீக்கர் கட்டிய அந்தத் தென்னை மரத்தடியில் இருந்தது, நடுவே ஒரு தென்னந்தடுக்கு மறைப்பு. மண் குடத்தை யாரோ உடைத்துவிட்டதும், அவசரத்தில் கல்யாண வீட்டுப் பித்தளைக் குடத்தை அவள் எடுத்துப் போனதும் எனக்குத் தெரியாது. பாட்டு நிமிர்ந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கினார். அப்போது தடுக்குக்கு அந்தப் பக்கமிருந்து அவள் கத்தினாள்.

"நிறுத்துங்க!"

எனக்குக் கேட்டது. என் விரல் சுவிட்சின் மேல்தான் இருந்தது, அணைத்தால் கம்பியிலும் கரண்ட் நின்றுவிடும். பெண்ணின் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தவில்லை. மூன்றாவது முடிச்சு விழும்வரை நிறுத்தவில்லை. அவள் செத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே அங்கே நின்றேன்.

ஓடிப் போய்ப் பார்த்தபோது பலகை புரண்டு கிடந்தது, அவள் மல்லாந்து கிடந்தாள். பின்னால் விழுந்ததால் பிழைத்தாள். வலது கையில் இரண்டு விரல் அன்றோடு மடங்காமல் போயிற்று. இன்றைக்கும் ஊசியில் நூல் கோக்க என்னைத்தான் கூப்பிடுவாள். கேட்கவில்லையா என்று அன்றைக்கே கேட்டாள். பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை என்றேன். நம்பிவிட்டாள். அதற்கப்புறம் சொந்தக்காரர்களிடம் கதை சொல்லும்போதெல்லாம், அவருக்கு எப்படிக் கேட்கும் பாவம் என்று எனக்காக அவளே பரிந்து பேசுவாள். ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

பிள்ளைகளிடம் கம்பியைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. டீ கொண்டுவந்த என் மனைவிதான் அவர்கள் லேப்டாப்பில் இருந்த படத்தை எட்டிப் பார்த்துவிட்டு, கம்பி எங்கே என்று கேட்டாள். முழுக் கதையையும் சொன்னாள், வழக்கம் போல என்னைக் காப்பாற்றியே சொன்னாள். அவர்களுக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் அந்த மூவரில் ஒருத்தியான பெண் பிள்ளைக்குப் போன் செய்து, மேஜைப் பக்கம் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிடு என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். நீங்கள் சொன்னதை ரெக்கார்டு செய்து வைத்திருக்கிறோம், அது போலவே இருக்கும், கவலைப்படாதீர்கள் என்றாள்.

வேலை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து, முதலில் என் மனைவிக்குத்தான் கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். அவள் பார்ப்பது எங்களுக்கு லேப்டாப்பில் தெரிந்தது. தென்னை மரத்தடியில் நாதஸ்வரம் வீடே அதிர முழங்கியது. அவள் தண்ணீர் ஊற்றினாள், சிரித்தாள். பிறகு மெதுவாகத் திரும்பித் தடுக்கைத் தாண்டி நடந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மேஜைக்குப் பின்னால் போய் நின்றாள். நாதஸ்வரம் எங்கோ பக்கத்துத் தோட்டத்தில் கேட்பது போலச் சன்னமாயிற்று.

தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு அவள் அப்படியே நின்றாள்.

"ஏனுங்க, இங்க இவ்வளவுதான் கேக்குமுங்களா?"

ஐயா சொன்னபடி அச்சு அசலாகச் செய்திருக்கிறோம் என்றான் பிள்ளைகளில் ஒருவன், பெருமையாக.

"அப்ப நான் கத்துனது?"

அவள் கண்கள் அந்தக் கண்ணாடிக்குள் இருந்தன. மூன்று பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். பொய் சொல்ல அப்போதும் இடம் இருந்தது.

"கேட்டுச்சு" என்றேன்.

அவள் வெறும் காற்றில் கையை நீட்டி, மடங்காத அந்த இரண்டு விரலால் சுவிட்சைத் தேடி அணைத்தாள். நாதஸ்வரம் பாதியில் நின்றது.