பதினேழாம் நம்பர் தகடு

சுகுணா தகடு மடித்தால் மடிப்பில் ஊசி நுழைய இடமிருக்காது. ஓசூர் சிப்காட்டில் ஜெனரேட்டர் கூடு செய்யும் பட்டறையில் அவள் பதினேழாம் நம்பர். அங்கே மடித்தவர் தம் நம்பரை எண் பொறிக்கும் பஞ்ச் உளியால் தகட்டில் அடிக்க வேண்டும். தகடு தேறாவிட்டால் அந்த நம்பரை அரத்தால் ராவி அழித்துவிடுவார்கள். பதினைந்து வருஷமாகப் பதினேழின் மேல் எவன் அரமும் பட்டதில்லை.

பட்டது பாஸ்கரன் சார் கையால். ஓய்வுபெற்ற பொறியாளர், அந்தப் பட்டறைப் பழக்கமெல்லாம் அறிந்தவர். பேரிகை சாலையில் கொட்டகை போட்டுத் தானே ஒரு குட்டி விமானம் கட்டினார். தண்ணீர் இல்லாமல் காற்றிலேயே ஆற வேண்டிய எஞ்சின் அது. காற்றை சிலிண்டர்கள் பக்கம் திருப்பும் தடுப்புத் தகடுகளை சுகுணா மடித்து, பதினேழு அடித்துக் கொடுத்தாள். மேலே ஏறிய மூன்றாம் நிமிஷமே பின் சிலிண்டரின் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட, பதறி இறக்கினார். மூக்கில் காற்று நுழையும் வாயைப் பெரிதாக வெட்டிப் பார்த்தார். சனியன், ஒரு டிகிரி இறங்கவில்லை! கடைசியில் தகடுதான் கோணல் என்று சொல்லி, அவள் கண்ணெதிரிலேயே பதினேழை ராவினார். இன்னும் ஒரே தடவை பறப்பது, ஆகாவிட்டால் எஞ்சினை விற்றுவிடுவது என்றும் சொல்லிவிட்டார்.

சுகுணா பஞ்ச் உளியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஞாயிறன்று பேரிகையில் அக்கா சாந்தம்மாவின் ரோஜாத் தோட்டத்துக்குப் போனாள். பிளாஸ்டிக் கூடாரத்தின் ஒரு சுவரில் தண்ணீர் வழியும் ஈரத்தட்டி, எதிர்ச்சுவரில் காற்றை வெளியே இழுக்கும் பெரிய ஃபேன். ஃபேன் இரைந்து ஓடியும் செடிகள் வாடிக் கிடந்தன. பக்கவாட்டுப் பிளாஸ்டிக்கில் முழ நீளத்துக்குக் கிழிசல். ஈரத்தட்டி வழியாக வர வேண்டிய காற்று சோம்பேறித்தனமாக அந்த வழியில் வந்து போய்க்கொண்டிருந்தது. சுகுணா கிழிசலை டேப் போட்டு ஒட்டினாள். ஒட்டிய கொஞ்ச நேரத்தில் ஈரக்காற்று ஜில்லென்று முகத்தில் அடித்தது. அக்கா ஊற்றி வைத்த காபியைக்கூடக் குடிக்காமல் கொட்டகைக்கு ஓடினாள்.

கதவுகளைச் சாத்தி, எஞ்சினுக்குப் பின்னால் ஒரு பல்பை எரியவிட்டு, முன்வாய் வழியாகப் பாஸ்கரனைப் பார்க்கச் சொன்னாள். தகட்டுக்கும் எஞ்சினின் மேல்மூடிக்கும் நடுவே வெளிச்சம் நீளக் கீற்றாகத் தெரிந்தது. அந்த இடைவெளியை அடைக்க அவர் வைத்த ரப்பர் பட்டை பின்பக்கம் சாய்ந்திருந்தது.

"தகட்டுல குத்தமில்லீங்க சார். காத்து ரப்பரத் தள்ளிட்டு மேலாலயே தப்பிச்சுப் போவுது."

பட்டையைக் கழற்றி, காற்று வரும் பக்கமாகச் சாய்த்துப் பூட்டினாள். இனி எவ்வளவு வேகமாக வந்தாலும் காற்றே அதை மூடியோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பாஸ்கரன் குனிந்து மறுபடி முன்வாய் வழியாகப் பார்த்தார்; கீற்று இல்லை.

மறுவாரம் விமானம் ஏறியது. சுகுணா கைபேசியில் நிமிஷம் பார்த்தாள். மூன்று. திரும்பவில்லை. ஐந்து. இன்னும் ஏறிக்கொண்டே இருந்தது. அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது, கத்தினாள்.

அரைமணி கழித்து இறங்கி வந்த பாஸ்கரன், முள் சிவப்புக் கோட்டின் கிட்டக்கூடப் போகவில்லை என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "பஞ்ச் கொண்டாந்திருக்கியாம்மா?"

இடுப்பிலேயே இருந்தது. ராவிய தழும்பின் மேல் ஒன்று, ஏழு என்று இரண்டே அடி.

"இனிமே ராவறதா இருந்தா, மொதல்ல பல்ப போட்டுப் பாத்துட்டு ராவுங்க சார்" என்றாள்.