மூன்றாம் தொட்டித் தண்ணீர்

குழாயில் காதை ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். நடுவில் பேசினால் கையை உயர்த்தி அடக்குவார். "ஓடுது சார். எங்கேயோ வீணா ஓடுது" என்பார். பத்து நிமிடம் கழித்து, ஏதோ ஒரு கழிவறையில் யாரோ சரியாக மூடாத குழாயை மூடிவிட்டு, கையைச் சட்டையில் துடைத்தபடி வருவார். தொழிற்சாலையில் அவருக்குப் பெயர் 'சொட்டு'. சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

கைபேசிக்குள் இருக்கும் பச்சைப் பலகைக்குச் செம்பு பூசுகிற பிரிவில் இருபத்திரண்டு வருடமாகத் தொட்டி ஆள். கரைசலில் முக்கியெடுத்த பலகைகளை மூன்று தொட்டிகளில் அடுத்தடுத்து அலச வேண்டும். அவருடைய நகங்களில் ஏறிய நீலம் இனி இறங்காது. "வீட்டுக்காரி நகப்பூச்சு வேணும்னா என் விரலைக் காட்டிடுவேன் சார்" என்று சிரிப்பார். நான் பக்கத்து அறையில் அந்தப் பலகைகளின் தரம் பார்க்கிறவன்.

அவர் தண்ணீரில் கஞ்சத்தனம் பார்ப்பதற்குக் காரணம் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே ஒரு வாய்க்கால். அதைத் தாண்டினால் அவருடைய தங்கை வீடு. அலசிய தண்ணீர் சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போகும்; தொட்டி கொள்ளாத அன்று வழிந்து வாய்க்காலில் இறங்கும். கொள்ளாத நாட்களே அதிகம். தங்கையின் கிணற்றுத் தண்ணீர் கசக்கும், வாளியின் விளிம்பில் நீலமாகப் படியும். அவளுடைய சின்ன மகளுக்கு வயிற்றுவலி வராத வாரமில்லை. "மாமன் வேலை பாக்குற இடத்துத் தண்ணி, மருமக வயித்துல. இதை எங்க போய்ச் சொல்ல?" என்பார்.

தண்ணீரைக் குறைக்க அவர்தான் ஒரு வழி சொன்னார். அதுவரை மூன்று தொட்டிகளிலும் புதுத் தண்ணீர் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவதில் மட்டும் புதுத் தண்ணீரை விட்டு, அதில் வழிவதை இரண்டாவதற்கும், இரண்டாவதில் வழிவதை முதலாவதற்கும் திருப்பினால் போதும் என்றார். "பாத்திரம் கழுவுறவங்களைக் கேளுங்க சார். கடைசியா அலசுன தண்ணியைக் கொட்டவா செய்றாங்க? அடுத்த கரிச்சட்டிக்கு வெச்சுக்குவாங்க." பொறியாளர்கள் சிரித்தார்கள். அவர் செய்தே காட்டினார். பலகைகளை நானே பூதக்கண்ணாடியில் பார்த்தேன், ஒரு கறை இல்லை.

மேலிடத்துக்கு ஒரு படிவம் அனுப்பவேண்டியிருந்தது. 'இதனால் நிறுவனத்துக்கு என்ன பயன்?' என்று அதில் ஒரு கட்டம். அவர் சொல்ல நான் எழுதினேன். "தங்கச்சி கிணறுன்னு எழுதினா குப்பையில போடுவாங்க. அவங்களுக்குப் புரியுற மாதிரி எழுதுவோம்" என்று யோசித்தார். "மிச்சமாகுற தண்ணியில இதே மாதிரி இன்னும் ரெண்டு லைன் தொட்டி ஓட்டலாம்னு போடுங்க." எவ்வளவு மிச்சம் என்று காட்ட ஓர் அளவாகத்தான் சொன்னார். எனக்கும் அது சாமர்த்தியமாகப் பட்டது. எங்கள் இரண்டு பேர் புத்தியையும் செருப்பால் அடிக்க வேண்டும்.

அனுமதி வந்தது. அதன்பின் நான்கு மாதம் சுத்திகரிப்புத் தொட்டி வழியவில்லை. ஞாயிறுதோறும் தங்கை வீட்டுக்குப் போய் ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். திங்கட்கிழமை பரீட்சை முடிவு சொல்வதுபோல என்னிடம் வந்து, "போன வாரத்துக்கு இது தேவலை சார்" என்பார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஐந்தாம் மாதம் புதுத் தொட்டிகள் லாரியில் வந்து இறங்கின. சரியாக இரண்டு லைன். அவரை மேடையேற்றிக் கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். ஒரு பலகைக்குச் செலவாகும் தண்ணீர் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது என்று அவருடைய படத்தோடு ஆண்டறிக்கை வந்தது. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். பலகைகள் மூன்று மடங்காகிவிட்டன. வெளியேறும் தண்ணீர் பழைய அளவேதான், அதிலிருக்கும் செம்புதான் மூன்று மடங்கு. சுத்திகரிப்புத் தொட்டி மறுபடி வழிகிறது.

மேலாளரிடம் போய் நின்றார். மேலாளர் மரியாதையாக உட்காரவைத்து, படிவத்தை எடுத்துக் காட்டி, "நீங்களே கேட்டதுதானே?" என்றாராம். திரும்பி வந்து என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நான் சும்மா இருந்திருந்தா பழைய கசப்போட போயிருக்கும் சார்" என்றார்.

போன ஞாயிறு என்னையும் கூட்டிப்போனார். புது லைன் பற்றித் தங்கைக்கு ஒன்றும் தெரியாது. "உன்னை மேடையில ஏத்திப் பாராட்டினாங்களாமே அண்ணே! ஊரே பேசுது" என்று பூரித்துப்போனாள். சின்னவள் மாமாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"இனிமே பாப்பாவுக்குக் கிணத்துத் தண்ணியைப் பயமில்லாமக் குடுக்கலாம்தானே? நீ சொல்லிட்டா எனக்குப் போதும்."

அவர் கிணற்றடிக்குப் போனார். வாளியிலிருந்து கயிற்றை அவிழ்த்தார். ராட்டினத்திலிருந்தும் உருவி, "என்னண்ணே பண்றே?" என்று தங்கை கேட்கக் கேட்க, நிதானமாகச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.