மூன்று முறை பிழிந்த சக்கை

என் மதினி சோமோயே இறந்த அன்று முற்றம் கொள்ளாத கூட்டம். பெண்கள் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: "ஒரு தேங்காயில ஒரு நாரைக்கூட வீணாக்காத மனுஷி." செத்தவரைப் பற்றி ஊர் பொய் சொல்லும். இது பொய் இல்லை. மட்டையைக் கடலோரச் சேற்றில் புதைத்து, ஊறிய பின் அடித்துக் கயிறு திரிப்பாள். நல்ல சிரட்டை அகப்பையாகும், உடைந்தது அடுப்புக்குப் போகும். பாலெடுத்த சக்கையில் பாதி கோழிக்கு, பாதி சட்டி தேய்க்க. தேய்த்த சக்கையையும் வாழைத்தூரில்தான் கொட்டுவாள்.

"உங்க கையில சிக்கினா கல்லும் பால் குடுக்கும் மதினி" என்று கேலி செய்வேன்.

"கல்லு குடுக்கும்ட்டி. உங்க அண்ணன்தான் ஒண்ணும் குடுக்க மாட்டான்" என்பாள்.

என் அண்ணன் ஃபாக்கி கிராம்பு மரம் ஏறுகிறவன். பத்து வருஷம் பார்த்துவிட்டு, சோமோயேவுக்குப் பிள்ளை இல்லை என்று பதினெட்டு வயது ரிஸிகியை இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்தான். ஒரே வளவு, நடுவில் இடுப்பளவு மண்சுவர், இரண்டு அடுப்பு. தேங்காய் துருவும் பலகை மட்டும் ஒன்றுதான். அது சோமோயே தாய்வீட்டிலிருந்து கொண்டு வந்தது. எங்கள் தென்னை மரத்துக் காய்கள் சந்தைக்குப் போய்விடும். வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு காய்.

ஆளுக்கு அரைமூடி என்று முதலில் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு சட்டியும் தண்ணீராய்க் கிடந்தன. பிறகு சோமோயேதான் ஒரு முறை வகுத்தாள். அண்ணன் ஒருநாள் இங்கே, ஒருநாள் அங்கே. அவன் சாப்பிடுகிற வீட்டுக்குத் தலைப்பால். ஓலைப்பையில் போட்டு ஒரே ஒரு பிழி. அந்தச் சக்கை அப்படியே மற்றவளுக்கு. அவள் வெந்நீர் விட்டு இரண்டாம் பால் எடுத்துக்கொள்வாள். மறுநாள் அவளுக்குத் தலைப்பால், இவளுக்குச் சக்கை. ஊரில் சக்களத்திச் சண்டை எட்டு வீட்டுக்குக் கேட்கும். எங்கள் வளவில் பிழிகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

ரிஸிகிக்குப் பெண் பிறந்தது. மோஸா என்று பெயர் வைத்தோம். பிள்ளை பெற்ற வீட்டில் நாற்பது நாள் புருஷன் தங்கக் கூடாது. அதனால் அண்ணனின் நாற்பது நாளும் சோமோயே வீட்டுக்கே வந்தது. முறைப்படி தலைப்பாலும் அங்கேயே நின்றுவிட்டது. பெற்றவளுக்கு மிளகுக் கஞ்சியில் தலைப்பால் விட்டுக் கொடுத்தால்தான் மார் சுரக்கும் என்பது எங்கள் தீவில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் முறையை மாற்றச் சொல்ல ஆள் இல்லை. ரிஸிகிக்குத் தாய் கிடையாது. அண்ணன் தட்டில் விழுந்ததைத் தின்கிறவன். மிச்சம் நான். அப்போது நான் தலாக் வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டோடு வந்து கிடந்தேன். சக்கைக் கிண்ணத்தைச் சுவர் சுற்றி எடுத்துப் போகிற வேலை என்னுடையது.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, கிண்ணம் கையில் பஞ்சாக இருந்தது. சக்கை மரத்தூள் போல உதிர்ந்தது. திரும்பிப் பார்த்தால் சோமோயேவின் பக்கத்தில் மூன்று கிண்ணம். தலைப்பால், இரண்டாம் பால், மூன்றாம் பால்.

"மதினி, ஒரு பிழிதானே முறை?"

"என் கை இறுக்குது, நான் என்ன செய்ய? கொண்டு போய்க் குடுட்டி. சின்ன உடம்பு, தானா ஊறும்."

நான் சிரித்தேன். மறைத்து என்ன ஆகப் போகிறது, சிரித்தேன். பத்து வருஷம் மலடி என்று கேட்ட காது, கொஞ்சம் ஆற்றிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அன்றைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன், அதற்கடுத்த நாட்களிலும் கொடுத்தேன்.

ரிஸிகிக்கு மார் சுரக்கவில்லை. குழந்தை சப்பிச் சப்பி அழும், பிறகு அழவும் தெம்பில்லாமல் கிடக்கும். முப்பத்திரண்டாம் நாள் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே, ரிஸிகியின் மடியில் போய்விட்டது. காய்ச்சல்தான் கொண்டுபோனது என்று நர்ஸம்மா சொன்னாள். காய்ச்சலாகவே இருக்கலாம். நானும் அதைத்தான் நம்பப் பார்க்கிறேன்.

மறுநாள் காலை சோமோயே தேங்காயைத் துருவினாள். ஒரு பிழி பிழிந்தாள். தலைப்பால் முழுவதையும் என் கையில் கொடுத்து, சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். அன்றிலிருந்து பத்தொன்பது வருஷம், அண்ணன் எந்த வீட்டில் சாப்பிட்டாலும் தலைப்பால் ரிஸிகிக்குத்தான். தன் வீட்டில் சாப்பிடுகிற நாளில் அண்ணனுக்கு இரண்டாம் பால். தனக்கு, மூன்றாவதாக வெந்நீர் விட்டு அலசிய தண்ணீர். அதன் பிறகு ரிஸிகிக்குப் பிறந்த இரண்டு பையன்களும் கிண்ணென்று வளர்ந்தார்கள். சக்களத்தி என்றால் இவளல்லவா என்று ஊர் மெச்சியது. யாராவது அப்படிச் சொன்னால் சோமோயே எழுந்து கோழிக்கூட்டுப் பக்கம் போய்விடுவாள்.

நோன்பு மாதம் பிறக்கும் முன் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்போம். வருஷா வருஷம் அவளும் போய்க் கேட்பாள். "தெரிஞ்சோ தெரியாமலோ தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிரு ரிஸிகி."

"மன்னிச்சேன்க்கா. நீங்களும் மன்னிச்சிருங்க" என்பாள் ரிஸிகி.

சோமோயே திரும்பி வந்து என்னிடம் சொல்வாள்: "பேர் சொல்லாத தப்புக்கு அவளும் பேர் சொல்லாம மன்னிக்கிறா. அது என்கிட்ட வந்து சேராதுட்டி."

போன மழைக்காலத்தில் வயிற்றில் கட்டி வந்து படுத்தாள். இனி எழுந்திருக்க மாட்டாள் என்று தெரிந்ததும் ரிஸிகியைக் கூட்டி வரச் சொன்னாள்.

"போற நேரத்துல அவ வயித்துல எதுக்கு நெருப்பை மூட்டுறீங்க?" என்றேன். ரிஸிகிக்காகப் பரிந்து பேசியதாக நினைத்துவிட வேண்டாம். அந்தப் பேச்சில் என் பேரும் வந்துவிடுமே என்ற பயம்தான்.

"பேர் சொல்லாமப் போனா எனக்கு மன்னிப்பு இல்லட்டி. போய்க் கூப்பிடு."

ரிஸிகி மிளகுக் கஞ்சியோடு வந்தாள். தலைப்பால் விட்ட கஞ்சி, மணம் அறை முழுக்க. மதினியின் தலையை மடியில் வைத்து ஊட்ட ஆரம்பித்தாள்.

"ரிஸிகி, உன் பேறுகாலத்துல நான் சக்கையை மூணு தடவை பிழிஞ்சுதான் அனுப்பினேன்."

கரண்டி நிற்கவில்லை. "தெரியும்க்கா. அதுக்குப் பிறகு பிழிஞ்சது நான்தானே. கை அறியாதா?"

"தெரிஞ்சுமா இத்தனை வருஷம் நான் குடுத்ததை வாங்கின?"

"வாங்காம என்ன செய்ய? பயலுகளுக்குப் பால் வேணும்ல."

சோமோயே அழுதாள். அழுகிறதற்குக்கூட அந்த உடம்பில் ஈரம் இல்லை. "மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு தாயி."

ரிஸிகி கஞ்சியை ஒரு கிண்டு கிண்டினாள். "நீங்க என்னை மனசுக்குள்ள வைஞ்சது, கரிச்சது, எல்லாத்தையும் மன்னிச்சேன். அது ஒண்ணை மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க. அந்தப் பால் மோஸாவோடது. போற இடத்துல இருப்பா. அவகிட்ட கேளுங்க." பிறகு சொன்னாள், "வாயைத் தொறங்க, கஞ்சி ஆறுது."

சோமோயே வாயைத் திறந்தாள். கிண்ணம் காலியாகும் வரை ரிஸிகி ஊட்டினாள். இரண்டு நாள் கழித்து உயிர் போனது.

அடக்கம் முடிந்து, வந்தவர்களுக்குச் சோறாக்க ஒரு குவியல் தேங்காய் உடைத்தோம். சோமோயேவின் பலகையில் ரிஸிகி உட்கார்ந்து துருவினாள். ஓலைப்பையை ஒருமுறை பிழிந்துவிட்டு, சக்கையைக் கிண்ணத்தில் போட்டு என் பக்கம் நீட்டினாள்.

"மதினி, இதை நீங்க பிழிங்க."

வாங்கினேன். ஈரச் சக்கை, கை தாழ்ந்தது.

"கனமா இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"அன்னைக்கும் உங்க கை வழியாத்தானே வந்துச்சு" என்று சொல்லிவிட்டு, அடுத்த மூடியை எடுத்துத் துருவ ஆரம்பித்தாள்.