ஐந்துக்கு ஐந்து

காட்பாடியில் அறை எடுத்துத் தங்கி, தொழில்முனைவோரின் திறமைக்கும் தொழில் வெற்றிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். சென்ற வருடம் ஆம்பூரில் ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறைக்குப் போனேன். அதை நடத்துபவர் ஸ்டெல்லா அக்கா. ஆறு தையல் மெஷின்கள் இருந்தன, ஆட்கள் இல்லை.

"பொண்ணுங்க சாப்ட போயிருக்காங்கம்மா" என்றார்.

கேள்விகளை மளமளவென்று படித்தேன். துணிச்சல், தன்னம்பிக்கை, லாபம் எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து போடச் சொன்னார். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் கிளம்பினேன்.

பேருந்து நிலையத்தில்தான், படிவத்தில் அவரிடம் கையெழுத்து வாங்காதது தெரிந்தது. திரும்பிப் போனபோது மணி நான்கு. அப்போதும் யாரும் இல்லை. மதியம் என் கண்ணில் படாத தூசி மெஷின்கள்மேல் படிந்திருந்தது. அக்கா மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். எனக்கு டீ கொடுத்த டம்ளர்கூட இன்னும் கழுவாமல் பக்கத்திலேயே இருந்தது.

"ஆர்டர் நின்னு எட்டு மாசமாச்சும்மா" என்றார்.

"அப்புறம் ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"இங்க இப்ப யாரும் வர்றதில்ல. நீ வந்து, ஓனர் நீங்கதானேன்னு கேட்டே. தொழில் இல்லன்னு சொன்னா உடனே எழுந்து போய்டுவியோன்னு இருந்துச்சு."

நான் போயிருப்பேன். அதுதான் உண்மை.

அந்தப் படிவத்தைக் கிழித்துவிட்டேன். பொய்த் தகவல் ஏறாமல் ஆராய்ச்சி தப்பியது. இப்போதெல்லாம் மூடிக் கிடக்கும் பட்டறைகளுக்கும் போகிறேன். தொழில் இல்லை என்று சொல்பவர்களிடம் இன்னும் கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்து பேசுகிறேன்.

– ஒரு வாசகி, காட்பாடி