அணைக்காத மோட்டார்

வேலை கேட்டுப் போகும் இடங்களில் நான் மோட்டார் சைக்கிளை அணைப்பதில்லை. ஆள் வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறார்கள், கேட்டதும் கிளம்பிவிடலாம். கிள்ளானில் ஒரு கிடங்கின் மேற்பார்வையாளர் சிரித்தேவிட்டார்.

"என்னா அண்ணே, வேலை கேக்க வந்தீங்களா, வழி கேக்க வந்தீங்களா? நிக்கவே மனசில்லாத ஆள நான் எப்படி லா எடுக்கறது?"

எனக்குப் பின்னால் வந்தவன் மோட்டாரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, கண்ணாடியில் தலை வாரிக்கொண்டு உள்ளே போனான். அவனை எடுத்துக்கொண்டார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் என்னைத் தங்கவைத்திருந்த நண்பன் மாதக் கடைசிக்குள் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டான். சுங்கை பூலோவில் ஒரு தொழிற்சாலைக்குப் போனபோது, இந்த முறை அணைத்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டேன். வாசலில் நின்று வேலை கேட்டபோது மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தச் சத்தத்தில் காவலாளி சொன்னது காதில் விழவில்லை. கையை வீசியது மட்டும் தெரிந்தது. போகச் சொல்கிறார் என்று திருப்பிவிட்டேன்.

சாலைக்கு வந்தபின் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். அவர் அதே கையால் மோட்டார் நிறுத்துமிடத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பிப் போய் என்ன சொல்வது? செராஸ் பக்கம் ஓட்டினேன்.